கரை திரும்பாதவர் பெயரில் வந்த வரிக் கணக்கு

அனுப்புநர்
கு. பவானி,
க/பெ. குமாரவேல்,
திருச்சினாங்குப்பம், திருவொற்றியூர்.

பெறுநர்
வருமான வரி அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு நானும் என் கணவரும் தனித்தனிக் கணக்கில் கழிவு கோரியதாக வந்த நோட்டீசுக்கு விளக்கமும் கோரிக்கையும்.

மதிப்பிற்குரிய அய்யா,

1. நான் விம்கோ நகரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. எனக்கும் கணவருக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரே காப்பீடு. முன்பு பிரீமியத்தை அவர் கட்டி, அவர் கணக்கில் கழித்துக்கொண்டார். இப்போது என் சம்பளத்திலிருந்து நான் கட்டுகிறேன். அதனால்தான் நான் கழிவு கோரினேன்.

2. அதே தொகையை என் கணவரும் கழித்திருப்பதாக நோட்டீஸ் சொல்கிறது. நேரில் வந்து கேட்டபோது, தாம் கோரவில்லை என்று அவரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். எந்தக் கடலில் போய் வாங்குவேன் அய்யா? மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசியில், காசிமேட்டிலிருந்து சொந்த விசைப்படகில் போனவர் திரும்பவில்லை. படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

3. உடல் கரைக்கு வராமல் காரியம் செய்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இறப்புச் சான்றும் வாங்கவில்லை. பேச்செடுத்தால் என் மாமியார் கோவிந்தம்மா, "புள்ள கடல்ல கீறான், நீ இன்னாத்துக்கு அவன் பேர எடுக்கற?" என்பார். மகன் பெயரில் நடந்துவந்த எது நின்றுபோனாலும் அவன் உயிரும் நின்றுவிடும் என்று அவருக்குப் பயம். என் கணவர் வீட்டிலேயே விட்டுப்போன செல்போனுக்கு அத்தை மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்கிறார். அம்மா சொன்னதற்காக, கொழுந்தன் ரவிக்குமார் பழைய கணக்கைப் பார்த்து அப்படியே அண்ணன் பெயரில் ஆண்டுதோறும் தாக்கல் செய்திருக்கிறார், பிரீமியத்தையும் சேர்த்து. நோட்டீஸ் வந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

ஆடி மாதத்தில் டிவி பக்கத்தில் இருக்கும் அந்தப் போன் திடீரென்று ஒலித்து வெளிச்சம் போடும். அவரே வந்து எடுப்பார் என்பதுபோல் கை நீட்டாமல் நிற்பேன். அத்தை அதை எடுத்துக்கொண்டு கொழுந்தனிடம் ஓடுவார். அது ஓடிபி என்று இப்போது புரிகிறது. கணக்கு ஏற்கப்பட்டது என்று அதே போனில் உங்கள் துறை என் கணவருக்கு நன்றியும் சொல்லியிருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து அந்த அறையில் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

4. ரவிக்குமார் ஏமாற்ற நினைக்கவில்லை. அவர்மீது நடவடிக்கை வேண்டாம். அபராதம் எதுவானாலும் நான் கட்டுகிறேன். இனி என் கணவர் பெயரில் கணக்கு வந்தால் ஏற்காதீர்கள். என் கணவர் உயிரோடு இல்லை. இதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. முதன்முதலாக உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

5. தயவுசெய்து பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். தபால் வந்தால் அத்தை என் மகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்வார். அப்பா இல்லை என்பதை அந்தக் குழந்தையே சத்தமாகப் படித்துக் காட்டும்படி செய்துவிடாதீர்கள் அய்யா.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 18.12.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கு. பவானி