இளமாறன் பெயரில் ஒரு சுவர்

செங்காங், சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பவித்ராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது, அந்த மலைக்குளிரில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். உன் மெசேஜைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை, போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். நம் பக்கத்து வீட்டு ரத்னவேல் மாமாவும் ரஞ்சிதம் அத்தையும், போன வருஷம் பைக் விபத்தில் போய்விட்ட ஒரே மகன் இளமாறன் பெயரில், நீ சீர்செய்கிற ஆற்றங்கரைக்குச் சுவர் கட்டித் தர ஆசைப்படுகிறார்கள், அவன் லீவில் வந்து உன்னோடு வேலை செய்த இடம், அங்கே கல்லில் அவன் பெயர் இருக்கவேண்டும் என்று. நீயோ மழைக்கு மழை தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டோம், ஆற்றைக் கலக்குகிற சேறு கரையிலிருந்து வரவில்லை, மேலே மொட்டையாகிப்போன சரிவிலிருந்து வருகிறது, சுவர் எழுப்பினால் வெள்ளம் எதிர்க்கரையை அரிக்கும், அங்கே வீடுகள் இருக்கின்றன என்கிறாய். அப்புறம் இவர்கள் முகத்துக்காகச் சின்னதாக ஒரு சுவருக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்றும் கேட்கிறாய். போடாதே கண்ணு.

போன வாரம் நானே தேக்காவில் மாமாவின் பூக்கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். சரிவில் புல்லும் மரமும்தான் வைக்கவேண்டுமாம், பெயர் போட இடமில்லை என்றேன். அவர் மாலை கட்டிக்கொண்டே, கோயில் டியூப்லைட்டுக்குக்கூடப் பேர் எழுதறாங்க, என் பையனுக்கு ஒரு கல்லு கூடாதா என்று கேட்டார். அன்றிலிருந்து லிஃப்டில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், இத்தனை வருஷப் பழக்கம் அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்று காலை அத்தை மட்டும் தனியாக வந்தார். மேல்வீட்டு டாய்லெட் ஒழுகினா நம்ம சீலிங்குக்குப் பெயின்ட் அடிச்சு என்ன ஆகப்போகுது லா, பவித்ராவை மேலேயே நடச் சொல்லுங்க, இன்னொருத்தர் வீட்டைக் கரைச்சு என் பிள்ளை பேரு நிக்க வேணாம் என்றார். சொல்லிவிட்டு அழுதார், நானும் அழுதேன். மாமாவுக்கு நீயே ஒருமுறை போன் பண்ணு, திட்டினால் கேட்டுக்கொள். மழையில் தனியாகச் சரிவு ஏறாதே, அட்டைக் கடிக்கு மருந்து போடு.

சைனாடவுன் மாரியம்மன் உனக்குத் துணை இருக்கட்டும், நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும். ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. அந்தத் தண்ணி தெளிய எத்தனை வருஷம் ஆகும்னு கேளுங்க, அதுவரைக்கும் நான் இருக்கணும் என்றார் அத்தை. மகன் போன பிறகு இருக்கணும் என்று அவர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன்.

உன் அம்மா
சந்திரமதி