ஐஸ் வாடிக்கு ஒரு சம்மதம்

கரம்பொன்,
ஊர்காவற்றுறை.
2-11-1979

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மகள் மனோகரியும் நல்ல சுகம். நைஜீரியாவில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சித்திரையில் வந்த கடிதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அங்கே தபால் ஒழுங்கில்லை என்று சொல்கிறார்கள்.

இங்கே குறையில்லை. மழை நேரத்துக்குப் பெய்தது. கிணற்றுத் தண்ணீர் உவர்க்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்த மனோகரி, சமையல் தன் பாடென்று குசினியைத் தன் ஆட்சிக்குக் கொண்டுவந்துவிட்டாள். நான் பாடசாலை முடிந்து வந்து, கதிரையில் இருந்து பேப்பர் வாசிக்கிறேன். இப்படியொரு ஓய்வு எனக்கு வருமென்று நினைத்திருக்கவில்லை.

வாடி விடயத்தை முன்பும் எழுதினேன். அந்தக் கடிதங்கள் கிடைத்தனவோ தெரியாததால் மறுபடி எழுதுகிறேன். எனக்குச் சீதனமாக வந்த கடற்கரைக் காணியைப் பஸ்ரியாம்பிள்ளை குத்தகைக்குக் கேட்கிறார். மூன்று வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவர். ஐஸ் இல்லாததால் காலையில் பிடித்த மீனைப் பட்டணத்து வியாபாரி சொன்ன விலைக்கு மத்தியானத்துக்குள் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. ஐஸ் வைத்து மீனைக் காக்கக் கரையிலேயே கொட்டகையாக ஒரு வாடி போட்டால் ஆறுதலாக விலை பேசலாம், கொழும்புக்கும் அனுப்பலாம். பாங்கு கடன் தரும், ஆனால் பதிந்த குத்தகை உறுதிப் பத்திரம் வேண்டுமாம். உறுதிக்கு என் ஒப்பம் மட்டும் காணாது. தேசவழமைச் சட்டப்படி கணவனின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். ஒரு நாடு முன்னேற நிலமும் உழைப்பும் மூலதனமும் வேண்டுமென்று பல்கலைக்கழகத்தில் எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான். இங்கே மூன்றும் இருக்கின்றன. மீன் மட்டும் பழுதாகிறது.

உறுதி எழுதுமுன்பே பஸ்ரியாம்பிள்ளை காணியைத் துப்புரவாக்கி அத்திவாரமும் வெட்டிவிட்டார். பொறுத்திருக்கலாமே என்றேன். "உங்கட வாய்ச்சொல் எனக்குக் காணும் ரீச்சர். பாங்குக்காரருக்குத்தான் காணாதாம்" என்றார்.

உங்கள் தம்பி பரமலிங்கம் வேலிக்கு வெளியே நின்றபடியே, "உவையை உள்ளுக்கு விட்டா பிறகு எழுப்பேலாது மச்சாள்" என்று பஸ்ரியாம்பிள்ளையின் ஆட்களைப் பற்றி எச்சரித்தார். அன்று பின்னேரமே வாடியில் தனக்கொரு பங்கு கிடைக்குமோ என்று மனோகரியிடம் விசாரித்தாராம். அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எங்கள் ஊர் கெட்டுப்போகாது என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

போன கிழமை உறுதி எழுதும் நொத்தாரிசு பரராசசிங்கத்தாரிடம் போனேன். அவர் வேறொரு வழி சொன்னார். கணவன் கைவிட்டுப் போயிருந்தால், அவருக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றமே சம்மதம் கொடுக்குமாம். அப்படிக் கைவிட்டார் என்று நான் ஒரு சத்தியக் கடதாசி முடித்தால் போதும்.

"சும்மா ஒரு வரிதானே ரீச்சர். அலுவல் முடிஞ்சால் ஆர் பிறகு அதைப் பார்க்கப் போகினம்?" என்றார்.

"என்னை ஒருத்தரும் கைவிடேல்லை. அவர் உத்தியோகத்துக்குப் போனவர்" என்றேன்.

அவர் கடைசிக் கடிதம் எப்போது வந்தது என்று மட்டும் கேட்டார். மழை வரப்போகிறது என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று முழுக்க நல்ல வெயில்.

பாங்கு தைப்பொங்கல் வரை பொறுக்கும். அதன் பிறகு பஸ்ரியாம்பிள்ளை காரைநகர்ப் பக்கம் இடம் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய வாடி எங்கள் கரையில் எழும்ப வேண்டும் என்பது என் ஆசை. என் பெயரில் ஒரு காரியம் நடக்க வேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருக்கிறது.

சம்மதக் கடதாசியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒப்பமிட்டு அனுப்புங்கள். விருப்பமில்லையென்றால் விருப்பமில்லை என்று எழுதுங்கள். நியாயமில்லாத மறுப்பு என்று அதை நீதிமன்றத்தில் காட்டவும் சட்டம் இடம் தருகிறது. எனக்கு உங்கள்மேல் கோபம் வராது. ஒன்றும் எழுதாமல் மட்டும் இருந்துவிட வேண்டாம். அதற்குச் சட்டத்தில் ஒரேயொரு பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெயரை என் கையால் எழுத எனக்கு ஏலாது.

எங்கே இருந்தாலும் உங்களுக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

உங்கள் மனைவி என்றே ஒப்பமிடும்,
சத்தியபாமா