ஏறிப் போக ஒரு வீடு

ஜூன் 8
சங்க அறைக் கதவில் நோட்டீஸ். பட்டா பிரிப்பது பற்றி அடுத்த ஞாயிறு கூட்டம், வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். அம்மாவுக்கு அன்றைக்கு ஷிப்மென்ட் வேலை. "நீ போயி வேணாம்னு மட்டும் சொல்லிட்டு வாடி வேலு" என்கிறாள்.

நானா? பள்ளிக்கூடத்தில் நான் 'உள்ளேன்' சொல்வதற்குள் டீச்சர் அடுத்த பேருக்குப் போய்விடுவார். இப்போது செக்கிங் டேபிளில் ஓட்டை பனியனைத் தள்ளி வைத்தால் போதும், பேச வேண்டாம். அதனால்தான் அந்த வேலை பிடித்திருக்கிறது.

ஜூன் 11
எழுதிப் பார்த்தால் பேச வருமோ?

எங்கள் காலனியில் எந்த வீடும் தனியாக யாருக்கும் சொந்தமில்லை. மொத்தமும் சங்கத்துக்குச் சொந்தம். மதுரைப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள் பங்கு போட்டு நொய்யல் கரையில் வாங்கிய இடம். சாயப்பட்டறைத் தண்ணீரில் வெள்ளாமை போன நிலம். விற்ற கிட்டுசாமி ஐயாவே, "ஆடு கூட மேயாதுங்க, இதுல ஊடு கட்டறீங்களா?" என்றாராம்.

நாலு வரிசை. மேலே ரோட்டு வரிசை, கீழே ஆற்று வரிசை. எல்லா வாசலும் ரோட்டைப் பார்த்தே இருக்கும். நாற்றத்துக்குப் பயந்து ஆற்றுப் பக்கம் ஜன்னலே வைக்கவில்லை. சீட்டுக் குலுக்கியதில், அப்போது உயிரோடு இருந்த அப்பாவுக்கு ஆற்று வரிசையில் ஏழாம் வீடு. கீழ் வரிசையில் சீட்டு விழுந்தவர்களுக்காக அன்றைக்கே ஒரு விதி போட்டார்கள்: வெள்ளம் வந்தால் கீழே ஏழாம் வீட்டுக்காரர் மேலே ஏழாம் வீட்டுக்கு ஏறிவிடலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஜோடி வீடு என்று பேர். எங்கள் ஜோடி, கருத்தம்மா அத்தை வீடு.

இப்போது தனித்தனிப் பட்டாவாகப் பிரிக்கப் போகிறார்கள். பிரித்தால் ஜோடி விதியும் போய்விடும். லோன் கிடைக்கும் என்று ஆற்று வரிசைக்காரர்களுக்கே ஆசை. அம்மா மட்டும்தான், "பட்டாவ வச்சுத் தண்ணிய மறிக்க முடியுமா?" என்கிறாள். ஒரே ஒரு வீடு எதிர்த்தாலும் பிரிக்க முடியாது.

ஜூன் 15
நாற்காலி பத்தவில்லை. பெண்கள் பின்னால் சுவரோரம் நின்றோம். செயலாளர் அந்தோணிராஜ் சித்தப்பா என்னென்னவோ வாசித்துவிட்டு, "எதிர்க்கிறவுக எந்திரிச்சு நில்லுங்க" என்றார். நாற்காலிகளைப் பார்த்தார். யாரும் எழவில்லை.

நான் நின்றுகொண்டுதானே இருந்தேன்! நிற்கிறவள் எப்படி எழுந்து நிற்பது? உட்கார்ந்து எழுந்தால்? சிரிப்பார்களே. கையைத் தூக்கினேன் — தோள் வரைக்கும் வந்தது. பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரர் பெரியாத்தாள் அம்மா, "ஏங் கண்ணு, ஃபேன் போடோணுமா?" என்றார். கை இறங்கிவிட்டது.

"சரி, எல்லாருக்கும் சம்மதம்."

கைதட்டினார்கள். லட்டு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 16
அம்மா அந்தோணிராஜ் சித்தப்பாவிடம் சண்டைக்குப் போனாள். "எம் மக நின்னாளாம்ல!"

"பின்னால எல்லாருந்தான் நின்னாக மதினி. ஒங்க புள்ள வாயத் தொறந்துச்சா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதாவது பேசியிருக்கலாம். ஏன் வரமாட்டேங்குது எனக்கு?

ஜூன் 17
அம்மா திட்டவே இல்லை. திட்டினா நல்லாருக்கும்.

அக்டோபர் 21
பட்டா வந்தது. அம்மா பேர் தெளிவாக அச்சாகியிருக்கிறது. வாங்கிப் பரணில் வைத்தாள், தண்ணீர் எட்டாத உயரத்தில்.

நவம்பர் 19
விடியும்போது கட்டிலுக்கடியில் தண்ணீர். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினோம். அத்தை வீட்டுக் கதவை அம்மா தட்டினாள். அவள் அங்கே கதவைத் தட்டி நான் பார்த்ததே இல்லை. தள்ளிக்கொண்டு நுழைந்து உலை வைத்துவிடுகிறவள்.

"அய்யோ, நனைஞ்சிட்டீகளே! வாங்க, வாங்க." அத்தை துண்டு கொடுத்தாள், நாற்காலி போட்டாள். நல்லவள்தான். அம்மா அடுப்படிப் பக்கம் எழுந்தாள். "நீங்க உக்காருங்க மதினி, நான் காப்பி போடுறேன்" என்றாள் அத்தை.

அம்மா உட்கார்ந்தாள்.

அத்தை வீட்டுக்காரர் ஜெபக்குமார் மாமா டிவியைப் பார்த்தபடியே, "தண்ணி எப்ப வடியுமாம்?" என்று கேட்டார்.

"வடிஞ்சதும் போயிருவோம்ண்ணே" என்றாள் அம்மா. பையை இன்னும் மடியிலிருந்து இறக்கவில்லை.