பெயர் கேட்ட பாட்டு

புதுச்சேரி
செவ்வாய், மதியம்

அன்புள்ள க்ளெமான்ஸ்,

இல்லை, ஒன்றுகூட வாடவில்லை. நான் போட்டோ அனுப்பாததற்குக் காரணம் அது இல்லை.

உன் மொட்டைமாடிச் செடிகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. அளவுக்கு மீறி நன்றாக. தூதுவளை கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டது. கற்பூரவல்லியின் ஓர் இலை என் உள்ளங்கையை மறைக்கிறது. எதிர்வீட்டுத் துளசி இந்த மழையில் அழுகிவிட்டது. உன்னுடையது என் இடுப்புயரம். நான் எரு போடவில்லை. மழை நின்று பத்து நாள். தண்ணீரும் ஊற்றவில்லை. வேண்டுமென்றேதான்.

உன் அப்பா நலம். மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறார். தினமும் காலையில் மாடிக்கு வந்து, என்னாத்த ஊத்தற செல்வி இதுக்கு, என் பொண்ணு இருந்தப்பகூட இப்படி வரலியே, ரம்மு கிம்மு கலக்கறியா என்று கேலி செய்கிறார். வியாழக்கிழமை உனக்கு நடக்கப்போகும் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவதே இல்லை. மாதா கோயிலில் உனக்காகப் பூசைக்குக் கொடுத்திருக்கிறார். அதையும் என்னிடம் சொல்லவில்லை. ரசீது சட்டைப் பையில் இருந்தது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போனில் வரவில்லை. மூன்று முறை அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

ஆடி மாதம். நீ பிரான்சுக்கு, துலூஸ் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு வரி எழுதவில்லை நீ. நான் ஆய்வுக்காக மூலிகைப் பாட்டுகளைச் சேகரித்துக்கொண்டிருந்தேன். தவளக்குப்பம் சந்திப்பில் கீரையும் மூலிகையும் விற்கும் குஞ்சம்மாள், முன்பு மில்லில் வேலை பார்த்தவர், எல்லாம் பாடினார். தாலாட்டு, நடவு, கரிசலாங்கண்ணி பறித்துக்கொண்டே மச்சானை வம்புக்கு இழுக்கும் பாட்டு. ஒப்பாரி மட்டும் மாட்டேன் என்றார். பொணம் இல்லாம அழறதுக்கு நான் என்ன பைத்தியமா, யாரு செத்தது, பேரச் சொல்லு, பேரு இல்லாம வாய் வராது என்றார்.

என் ஆய்வில் அந்தப் பாட்டுகளின் அத்தியாயம் முடிய ஓர் ஒப்பாரி வேண்டியிருந்தது.

உன் பெயரைச் சொன்னேன்.

உனக்கு என்ன வேணும் அவ என்று கேட்டார். கூடப்பிறந்த மாதிரி என்றேன். போய் எத்தினி நாளாச்சு என்றார். இரண்டு மாதம் என்றேன். அதில் பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பேட்டரி இருக்கா பாத்துக்கோ, நடுவுல நின்னா அவள மறுபடி சாகடிக்கணும் என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பதிவில் இருக்கிறது. பிறகு பாடினார்.

தூதுவளை படர்ந்திருக்க – என் பொறப்பே
தொட்டுப் பறிக்க நீயில்லையே
கழுத்தோரம் முடிச்சு விழ – என் பொறப்பே
கற்பூரவல்லி தளதளக்குதே

நீ மாடியில் செடி வளர்த்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. கழுத்தைப் பற்றிச் சொல்ல என்னிடமே எதுவும் இல்லை. அப்போது உனக்கே தெரியாது. ஐப்பசியில்தான் எழுதினாய், கழுத்தில் ஒரு கட்டி, குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்டது என்று. படித்துவிட்டுப் பதிவின் தேதியை இரண்டு முறை பார்த்தேன். ஆடிதான்.

கடைசி அடி வருவதற்குள் அன்று மழை பிடித்துக்கொண்டது. குஞ்சம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பாட்டு அங்கேயே நின்றது.

இப்போது செடிகளின் அருகே போனால் அந்த மெட்டு என் வாயில் வருகிறது. சரி, கேட்ட பாட்டு, வரத்தான் செய்யும். ஆனால் போன ஞாயிறு பூசை முடிந்து வந்த உன் அப்பா, துளசிக்குப் பக்கத்தில் நின்று முனகிக்கொண்டிருந்தார். அதே மெட்டு. அவர் பதிவைக் கேட்டதில்லை. என் ஹெட்போனை விட்டு அது வெளியே வந்ததே இல்லை. என்ன பாட்டு என்று கேட்டேன். தெரியலியேம்மா, இங்க வந்து நின்னா வருது, நல்லாருக்கில்ல என்றார். பாட்டு நின்ற இடம்வரை போனார். நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, இதுக்கு மேல என்னாது செல்வி என்று கேட்டார்.

நல்ல வெயில். பதினோரு மணி. அவர் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனேன்.

நேற்று குஞ்சம்மாளிடம் போய் உண்மையைச் சொன்னேன். கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தார். உசுரோட இருக்கறவளுக்கா என்னை அழ வெச்ச, படிச்சவதானே நீ என்றார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம். பதிவை அழித்துவிடுகிறேன் என்றேன். அழிச்சா மட்டும், அழுதது அழுததுதான், முடியாத பாட்டு வாசல்லயே நிக்கும், ஒரு பேர எடுத்துக்கிட்டாதான் போவும் என்றார். எந்தப் பேர் என்று கேட்டேன். அத நான் எப்படிச் சொல்ல, கேட்டு வாங்கினவ நீ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் கீரை எடுத்துக் கொடுத்தார்.

இதற்கெல்லாம் ஒரு விளக்கம் இருக்கும். நானே எழுதித் தருவேன், அடிக்குறிப்புகளோடு. கழுத்தில் கட்டி பலருக்கும் வருகிறது. என்னையறியாமல் நான் முனகியதை உன் அப்பா கேட்டிருக்கலாம். எல்லாம் சரி. வியாழக்கிழமை வரை மட்டும் அதை நம்ப முடியவில்லை.

இந்தக் கடிதம் வந்து சேரும்போது உனக்குக் கட்டுப் பிரித்திருப்பார்கள். குரல் வந்ததும் முதலில் அப்பாவைக் கூப்பிடு. அவர் அழமாட்டார், திட்டுவார். கேட்டுக்கொள். அதன்பின் என்மேல் கோபப்படு. ஒரு நாள் இரண்டு நாள் போதாது. தலை நரைத்துப் பல் விழும்வரை இருந்து கோபப்படு. எனக்கு அது போதும்.

உன்
செந்தமிழ்ச்செல்வி

புதன், மாலை.
காலையில் இதை ஒட்டாமல் எடுத்துக்கொண்டு தவளக்குப்பம் போனேன். கடைசி அடியைப் பாடச் சொன்னேன். குஞ்சம்மாள் பெயர் கேட்டார். என் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் பாடி முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன்.