வாசலில் சொல்லக்கூடாத பேச்சு

அன்பான பிரமு அப்பாவுக்கு,

நீங்கள் இருக்கிற இடத்தில் ரயில் காடியெல்லாம் நேரத்துக்கு வருகிறதா? இங்கே பம்பாயில் வழக்கம்போலத்தான். சுனாபட்டி ஸ்டேஷனில் அதே கூட்டம், அதே தள்ளுமுள்ளு. உங்கள் இடத்தில் யாரோ ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். யாரென்று நான் பார்ப்பதில்லை.

வருகிற வாரம் உங்களுக்கு முதல் வருஷம். கறுப்புக் கட்டம் கட்டி, உங்கள் படத்தைப் போட்டு, கீழே கண்ணீருடன் என்று எழுதி இந்தப் பத்திரிகையில் கொடுக்கலாம் என்று தாராவி மதினி சொன்னார்கள். உங்கள் அக்கா சொல்லுக்கு நான் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை பேசினேன். அந்தப் படத்தில் நீங்கள் போலீஸ்காரர் மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதைப் பார்த்தால் யாருக்கும் அழுகை வராது, நான் கடிதமாக எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். நாலு பேர் படிக்கட்டும். நாலு பேர் உங்களைப் பற்றித் தப்பாகப் பேசியதற்கும் பதில் சொன்னதாக இருக்கட்டும்.

உங்கள் அட்டை கிழிந்த புத்தகங்கள் எல்லாம் மேல்தட்டில் அப்படியே இருக்கின்றன. ஃபவுண்டன் பக்கத்து நடைபாதைக் கடைகளில் குத்தவைத்து உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டு வந்தவை. எழுதியவர் பேர் இருக்கிற பக்கமே பாதிப் புத்தகத்தில் கிடையாது. அதைப் பற்றி உங்களுக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை. ராஜா, அடிமை, பீப்பாய்க்காரன் என்று எதிர்வீட்டு ஆட்களைச் சொல்வது போலத்தான் சொல்வீர்கள். ரோமாபுரி ராஜா ஒருவர் காலையில் எழுந்ததும், இன்றைக்கு எப்படிப்பட்ட மூஞ்சிகளை எல்லாம் பார்க்க வேண்டியிருக்குமோ என்று முன்கூட்டியே நினைத்துக்கொள்வாராம். கால் ஊனமான அடிமை ஒருவர், நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளச் சொல்வாராம். ஆயிரம் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஆட்களுக்கு நம் வரிசைவீட்டுச் சாலில் என்ன வேலை என்று நான் கேட்பேன்.

"குழாயில தண்ணி வரலன்னு கவுன்சிலரைத் திட்டுதியே, குடத்தைக் கழுவி வச்சிருக்கியா? அதைத்தான் அந்த அடிமை கேக்காரு" என்பீர்கள்.

எதிர்வீட்டில் கலர் டிவி வந்தபோது, நாமும் ஒரு கறுப்பு வெள்ளையாவது வாங்கலாம் என்று ஆரம்பித்தேன். உடனே, பீப்பாய்க்குள்ளேயே குடியிருந்த அந்தப் பீப்பாய்க்காரன் வந்துவிட்டான். ஒரு குழந்தை கையாலேயே தண்ணீர் அள்ளிக் குடிப்பதைப் பார்த்துவிட்டு, தன்னிடம் இருந்த ஒரே குவளையையும் தூக்கி எறிந்தானாம். "அவனுக்குப் பெண்டாட்டி இருந்தாளா?" என்று கேட்டேன். அன்றைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பில் மேல்வீட்டு மைமூன் அக்கா இறங்கி வந்து என்னவென்று கேட்டார்கள். அடுத்த மாதம் டிவியும் வந்தது.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதி. எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான் இருந்தது, அது காலையில் வாசலில் நடக்கும். ஷூ மாட்டிக்கொண்டே அந்த ராஜா மாதிரி ஆரம்பிப்பீர்கள். "இன்னைக்குக் காடி லேட்டாகும். வடாலாவுல ஒருத்தன் காலை மிதிப்பான். மேனேஜர் காரணமில்லாமக் கத்துவாரு. மத்தியானம் கொழம்புல உப்பு கூடியிருக்கும்." இங்கே என்னை ஓரக்கண்ணால் பார்ப்பீர்கள். அப்புறம் அந்தக் கடைசிப் பேச்சு. "நான் திரும்பி வராமலும் போகலாம்."

போகிறேன் என்ற சொல்லைக்கூட வாசலில் நின்று சொல்லாத குடும்பம் நம்முடையது. போய்ட்டு வாரேன் என்றுதான் நம் வீட்டுப் பிள்ளை பேசவே கற்றுக்கொண்டது. அந்த வாசலில் நின்று இப்படி ஒரு பேச்சா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வாசல்ல நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசுதிய? வாயக் கழுவிட்டுப் போங்க" என்று செம்பை நீட்டுவேன். நீங்களும் சிரித்துக்கொண்டே வாயைக் கொப்பளித்துவிட்டுப் போவீர்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகு இன்னும் ஏதோ சொல்ல வருவீர்கள் என்று தோன்றும். சொல்ல விட்டதில்லை. கடைசி நாளும் அப்படித்தான். அன்றைக்கும் செம்பை நீட்டினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மேசையில் தலை சாய்த்தீர்களாம். தூங்குகிறீர்கள் என்று பக்கத்து சீட்டுக்காரர் நினைத்தாராம்.

துட்டி கேட்க வந்தவர்கள் நடுவில் மதினி மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். "தெனமும் வாசல்ல நின்னு சாவக் கூப்ட்டானே, வந்துட்டே. அவன் வாயே அவனைக் கொண்டுட்டுப் போயிட்டே." துக்கத்தில் சொன்ன வார்த்தை, நான் குறை சொல்லவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் பக்கத்தில் பிரமு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எவ்வளவு ஆழமாகப் போய் இறங்கியிருக்கிறது என்பது, உங்கள் ஆபீஸில் எனக்கு வேலை கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

தபால் செக்ஷனில் போட்டிருக்கிறார்கள். வருகிற கடிதங்களுக்கு முத்திரை குத்திப் பிரித்துக் கொடுக்கிற வேலை. நீங்கள் சொன்ன அந்த மேனேஜர் என்னிடம் கத்துவதில்லை. காரணமில்லாமல் இருமுகிறார், அவ்வளவுதான்.

வேலை கஷ்டமில்லை, வீட்டைவிட்டுக் கிளம்புவதுதான் கஷ்டமாக இருந்தது. நான் சேலை மாற்றினாலே பிரமு வந்து முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். அழமாட்டாள், பேசமாட்டாள், விடவும் மாட்டாள். பிரித்துவிட்டு நடந்தால் வாந்தி எடுப்பாள். ஒருநாள் என் ரயில் பாஸைக் காணவில்லை. வீட்டையே புரட்டிவிட்டு, சாயங்காலம் உலைக்கு அரிசி எடுக்கும்போது டப்பாவுக்குள் கிடைத்தது. என்னத்தைச் சொல்லி அடிக்க? அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

லேட் மார்க் ஏறிக்கொண்டே போனது. வேலையை நிரந்தரமாக்கும் முன் வருகையைப் பார்ப்பார்கள், இனியும் இப்படி வந்தால் நான் எழுதிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று செக்ஷன் ஆபீசர் அம்மாள் ஹிந்தியில் சொன்னார். வேலை போனால் இந்த அறையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் என் தம்பி வீட்டில் ஒரு மூலையில் இருக்க வேண்டியதுதான். பிரமுவின் படிப்பு அதோடு நின்றுவிடும். மாட்டுங்கா கோயிலில் வேண்டிக்கொண்டேன், பிள்ளைக்குக் கயிறு மந்திரித்துக் கட்டினேன். கெஞ்சினேன், ஒருநாள் கையையும் ஓங்கிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒருநாள் காலையில், முந்தானை அவள் கையில், காடி வரும் நேரம். எனக்கு அலுத்துப்போய் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். "சரிட்டி, நீயே சொல்லு. இன்னைக்கு என்னல்லாம் கெட்டது நடக்கும்?" என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன். கேட்ட பிறகுதான் அது உங்கள் பேச்சு என்று உறைத்தது.

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். "காடி லேட்டாகும்" என்றாள்.

"ஆகட்டும். அது நம்ம கையில இல்ல. நம்ம கையில என்ன இருக்கு?"

"நீ அடுத்த காடியப் பிடிச்சு வருவ."

"பெறவு?"

"ஆபீஸ்ல உன்ன ஏசுவாங்க. நீ பதில் சொல்லாம முத்திரை குத்துவ." தன் பள்ளிக்கூடப் பையைப் பார்த்தாள். "டீச்சர் மராட்டி நோட்டு கேப்பாங்க. நான் எழுதல."

"அது நம்ம கையில இருக்குல்லா. ஒக்காந்து எழுது" என்றேன். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோட்டை எடுக்கப் போனாள். எழுந்து பார்க்கிறேன், என் முந்தானை என்னிடமே இருந்தது.

உங்கள் ராஜாவும் அடிமையும் சுனாபட்டி சாலுக்கு வந்துவிட்டார்கள், பிரமு அப்பா. தினமும் காலையில் பத்து நிமிஷம் முன்னதாகவே படியில் உட்கார்ந்துவிடுவோம். அவள் கெட்டதைச் சொல்வாள், நான் நம் கையில் இருப்பதைக் கேட்பேன். சாயங்காலம் வந்ததும் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசிக்கொள்வோம். முக்கால்வாசி நடப்பதே இல்லை. மைமூன் அக்கா மாடியிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள் போல. "நாங்க இன்ஷா அல்லான்னு ஒரே வார்த்தையில சொல்லுறத ஒங்க வீட்டுல ஒரு பாட்டம் சொல்லுதிய" என்று ஒருநாள் கேலி செய்தார்கள். யோசித்துப் பார்த்தேன். தாராவிப் பட்டறைக்கு மைமூன் அக்கா வீட்டு அண்ணன் கிளம்பும்போது அந்தச் சொல் இல்லாமல் கிளம்புவதில்லை. நாளை என்பது நம் கைச்சரக்கு இல்லை என்று எல்லா வாசலிலும் ஏதோ ஒரு பாஷையில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள் போலும்.

உங்கள் கடைசிப் பேச்சை மட்டும் நாங்கள் சொன்னதில்லை. அவளும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் லேசான தூறல். "காடி பந்த் ஆயிரும், நீ நடந்து வருவ, ரொம்ப லேட்டாகும். நான் மைமூன் பெரியம்மா வீட்டுல சாப்ட்டுட்டு இருப்பேன்" என்றாள். மத்தியானத்துக்கு மேல் கொட்டித் தீர்த்துவிட்டது. வடாலாவில் காடி நின்றேபோனது. முன்பின் தெரியாத பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் தண்டவாளத்தோரம் நடந்தோம். செருப்பு ஒன்று போனது. அது போகட்டும், என் உயிரெல்லாம் வீட்டில் இருந்தது. பிள்ளை வாசலில் நின்று என்ன பாடுபடுகிறதோ, இந்த ஒரு நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடுமோ என்று நினைத்து நினைத்து நடந்தேன்.

சாலுக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது, கரண்டும் இல்லை. மைமூன் அக்கா வீட்டு லாந்தர் வெளிச்சத்தில் பிரமு மராட்டி நோட்டு எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"காலையிலயே சொன்னேம்லா" என்றாள். "நான் சாப்ட்டுட்டேன். உனக்கும் எடுத்து வச்சிருக்கு."

துண்டை எடுத்து வந்து என் தலையைத் துவட்டிவிட்டாள். அப்புறம் சொன்னாள்: "எம்மா, மொதல்ல பயமா இருந்துச்சு. நான் சொன்னதுனாலதான் மழை வந்துட்டோன்னு. பெறவு பாத்தேன், தெருவுல எல்லாரும் நனைஞ்சுட்டு வந்தாங்க. நான் ஒருத்தி சொன்னதுக்கா பம்பாய் பூரா மழை பெய்யும்?"

"பெய்யாது" என்றேன்.

"அப்பம் அப்பா சொன்னதுனாலயும் அப்பா சாகல. அத்தை சும்மா சொல்லுதாங்க."

ஒரு வருஷமாக என் நெஞ்சில் கிடந்ததை, ஈரத் துண்டை உதறுகிற மாதிரி பிள்ளை உதறிவிட்டாள். அவள் அதோடும் நிறுத்தவில்லை. "அப்பா கடைசியா ஒண்ணு சொல்லுவாங்கல்லா, அத நாம சொல்லுறதே இல்லையே" என்றாள். தெருமுனைக் குழாய் வரைக்கும் உங்கள் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு வருவாளே, அப்போது ஒருநாள் கேட்டாளாம், அம்மா தினமும் ஏசியும் ஏன் அதைச் சொல்கிறீர்கள் என்று. நீங்கள் சொன்ன பதிலை உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"அதச் சொன்னாத்தான் உங்க ரெண்டு பேரையும் ஒழுங்கா ஒரு தடவ பாத்துட்டுப் போவேன். இல்லன்னா கடியாரத்தப் பாத்துட்டு ஓடிருவேன்."

கேளுங்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு, வாசலில் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தபடி நிற்பீர்களே, நீங்கள் குடையைத்தான் தேடுகிறீர்கள் என்று நினைத்து நான் எடுத்து நீட்டுவேன். நீங்களும் வாங்கிக்கொள்வீர்கள். சித்திரை வெயிலிலும் அப்படி நின்றீர்கள். சித்திரையிலும் நான் குடையைத்தான் நீட்டினேன். ஒரு நாளாவது சொல்லியிருக்கக்கூடாதா, ஏளா, குடை வேண்டாம், சும்மா நில்லு என்று?

உங்களுக்குச் சொல்ல இன்னும் ஒரு சேதி இருக்கிறது. போன வாரம் வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆபீசர் அம்மாள் பேடா வாங்கித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு மதினியும் வந்திருந்தார்கள். பிரமு அவர்களைப் படியில் உட்கார வைத்து, உங்களுக்கு என்னல்லாம் கெட்டது நடக்கும், சொல்லுங்க என்று ஆரம்பித்துவிட்டாள். மதினி முதலில் காதைப் பொத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் மருமகளைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

பிரமுவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், இந்தக் கடிதத்தை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இனி சொல்லப்போகிற இடம் வரும்போது என் குரல் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

மழைக்கு மறுநாள் காலையில் கடைசிப் பேச்சையும் சேர்த்துச் சொன்னோம். நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு வாசலில் நின்று அவளைப் பார்த்தேன். ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே. முன்பல் பாதி முளைத்திருக்கிறது. புருவம் உங்களுடையது, இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அவளும் என்னைப் பார்த்தாள். என் காடி போய்விட்டது. அடுத்த காடி வந்தது.

இனி எந்த நாளும் பார்க்காமல் கிளம்பமாட்டேன். என் பங்குக்கு ஒரு தடவை, உங்கள் பங்குக்கு ஒரு தடவை.

போய்ட்டு வாரேன்.

உங்கள்
பிரமு அம்மா