ஐந்துக்கு ஒன்றரை வாங்கிய வாத்தியார்

ஜூலை 3

மாணவர் ஈடுபாடு பற்றிய கருத்தாய்வு முடிவு வந்தது. எனக்கு ஐந்துக்கு ஒன்றரை. பத்தொன்பது வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். வகுப்பில் இருமல் சத்தம்கூடக் கேட்காது. அதை மரியாதை என்றே நினைத்திருந்தேன். துறைத் தலைவர், "இப்படியே போனா அடுத்த வருஷம் உங்க விருப்பப் பாடத்தைத் தூக்கிடுவாங்க சார். தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போயிட்டு வாங்க" என்றார்.

ஜூலை 6

தலைமை ஆறு வகையாம். பிறரைப் பேசவிடுவது எப்படி என்று பயிற்சியாளர் நாலு மணி நேரம் விடாமல் பேசினார். சான்றிதழ் கொடுத்தார்கள்.

ஜூலை 10

ஜனநாயகத் தலைமை. "இன்னைக்கு என்ன பண்ணலாம்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றேன். பண்ணினார்கள். இதை எழுதும்போது வகுப்பறையில் நான் மட்டும்.

ஜூலை 13

நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். வரிசையாக உட்கார்ந்து பார்த்த கைப்பேசியை வட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஜூலை 14

எனக்குப் பட்டப்பெயர் ரேடியோவாம். பேசும், கேட்காது. மனைவியிடம் புலம்பினேன். "அட, அவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா?" என்றாள்.

ஜூலை 18

இரண்டு பகடை உருட்டினால் ஒன்றிலாவது ஆறு விழ என்ன வாய்ப்பு? முப்பத்தாறில் பன்னிரண்டு என்று பலகையில் எழுதினேன். இதுவரை வாயே திறக்காத கண்ணாடிக்காரப் பெண் கடைசி வரிசையில் எழுந்தாள்.

"சார், ரெண்டுலயும் ஆறு விழுறதை ரெண்டு தடவை எண்ணிட்டீங்க. பதினொண்ணுதான்."

"உட்காரும்மா. எத்தனை வருஷமா நடத்துறேன், எனக்குத் தெரியாதா?"

உட்கார்ந்தாள்.

வீட்டில் எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான். சே, என்ன மனுஷன்டா நீ! இப்படி எத்தனை பேரை உட்கார வெச்சிருப்ப?

ஜூலை 20

"அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு" என்றேன். சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. சாக்பீசை அவளிடம் நீட்டினேன். கட்டம் போட்டு விளக்கினாள். "அப்ப மூணு பகடைன்னா?" என்றான் ஒருவன். நாலு பேர் நாலு பதில் சொன்னார்கள் — ஒரே சண்டை. பக்கத்து வகுப்புப் பேராசிரியர் எட்டிப் பார்த்து, "சார் வரலையா?" என்றார். கடைசி வரிசையில் இருந்து கை தூக்கினேன்.

ஆகஸ்ட் 28

விருப்பப் பாடத்துக்கு முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். "பாத்தீங்களா, பயிற்சி வேலை செய்யுது!" என்று துறைத் தலைவர் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார்.

செப்டம்பர் 5

தொண்டை கட்டிவிட்டது, குரலே இல்லை. விடுப்பு போடலாமா? போடவில்லை. கணக்கை மட்டும் பலகையில் எழுதிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பலகை முன்னால் ஒரே சண்டை. மணி அடித்த பிறகுதான் கண்ணாடிக்காரி திரும்பிப் பார்த்தாள். "ஐயோ, சார்! இன்னைக்கு நீங்க ஒண்ணுமே பேசலையே?"