நீ அறிமுகம் செய்துவைத்த அண்ணன்

நைனா,

இன்று காலை கேளம்பாக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். செங்கல்பட்டு வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்றதும் சூடான டீசல் வாசனை முகத்தில் அடித்தது. சின்ன வயதில், டியூட்டி முடித்து வந்து நீ என்னைத் தூக்கும்போது உன் காக்கிச் சட்டையில் இருந்த அதே வாசனை. ஏறி, டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். செங்கல்பட்டில் அண்ணன் வீட்டுக்குத்தான் போகிறேன். இன்று அங்கே எனக்குச் சாப்பாடு.

நான் கோவளத்து அந்தோணியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அண்ணன் என்னோடு பேசவில்லை. அம்மா இறந்தபோது அந்தோணி கொண்டுவந்த மாலையை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீ எந்தப் பக்கமும் சேரவில்லை. "அவனும் என் புள்ள, நீயும் என் புள்ள. நான் யாரப் போய் கேக்கறது?" என்பாய். அதைச் சொல்லும்போதே உன் குரல் இறங்கிவிடும்.

பிறகு உனக்கு மறதி வந்தது. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய நீ, தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றாய். அல்சைமர் என்றார் டாக்டர். ஒருநாள் அண்ணி போன் செய்தாள். "உங்க அண்ணனுக்குத் தெரியாம பேசறேன் சுமதி. மாமாவ ஒண்டியா சமாளிக்க முடியல. பகல்ல வந்துட்டுப் போறியா?"

அண்ணன் தொழிற்சாலைக்குக் கிளம்பிய பிறகு வருவேன். அவன் திரும்புவதற்குள் போய்விடுவேன்.

முதல் நாள் "நைனா" என்று கூப்பிட்டதும் நீ மரியாதையாக எழுந்து நின்றாய். "யாரும்மா நீங்க? உக்காருங்க." நான் சமையலறைக்குப் போய் அழுதேன். அடுத்தடுத்த நாட்களில் 'நான் உன் பொண்ணு' என்று சொல்லிப் பார்த்தேன். நீ மிரண்டுபோய் கதவையே பார்த்தாய். அதோடு விட்டுவிட்டேன். சோறு பிசைந்து கொடுப்பேன், நகம் வெட்டிவிடுவேன். சில சமயம் கட்டிலில் உட்கார்ந்தபடியே இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புவாய். "படியில நிக்காதம்மா, உள்ள போ" என்று அதட்டுவாய். அண்ணியும் நானும் உள்ளே தள்ளி உட்காருவோம்.

ஒருநாள் அண்ணன் சீக்கிரமே வந்துவிட்டான். வாசலில் ஒரு செருப்பைக் கழற்றியவன் என்னைப் பார்த்து அப்படியே நின்றான். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. நீதான் பேசினாய்.

"தம்பி, உள்ள வாப்பா. இந்தம்மாவ உனக்குத் தெரியாதில்ல? ரொம்ப நல்லவங்க. டெய்லி வந்து சோறு போடறாங்க. யாரு பெத்த பொண்ணோ."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நீ விடவில்லை.

"போறதுக்குள்ள இருட்டிடும். தனியா போவ வாணாம். நீதான் வண்டி வெச்சிகினு கீறியே, கொஞ்சம் வூட்டாண்ட வுட்டுட்டு வா. பாவம், கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல போல கீது."

அவன் சாவியை எடுத்தான்.

செங்கல்பட்டைத் தாண்டி காட்டு வழியாக வந்தோம். திருப்போரூரில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினான். "ரெண்டு டீ. ஒண்ணுல சக்கர வாணாம்" என்றான். எனக்குச் சர்க்கரை பிடிக்காது என்பது அவனுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

"நைனாவுக்கு என்னய யாருன்னு தெரியல. உன்னயாவது தெரியுதா?"

"என்னயும் தெரியலண்ணா."

கண்ணாடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மாவும் இல்ல. நாம சின்னதா இருந்தப்ப நடந்ததெல்லாம் இனிமே யாராண்ட பேசறது? நீ ஒருத்திதான் கீற."

மன்னிப்பு என்ற வார்த்தை அவனிடமிருந்து வரவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது வண்டியை அணைக்காமலே நின்றான். அந்தோணி வெளியே வந்து "உள்ள வாங்க மச்சான்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் வண்டியை அணைத்தான்.

அதற்குப் பிறகு உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் நாலு பேர் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் உன் தாடையைப் பிடித்துக்கொள்ள, அந்தோணி உனக்குச் சவரம் செய்வான். "ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?" என்று கேட்பாய். இல்லை என்று அண்ணன் ஒருமுறையும் சொன்னதில்லை.

காய்ச்சலில் நாலு நாள் கிடந்து நீ போனாய். மாமல்லபுரம் கடலில் அஸ்தியைக் கரைத்தோம். அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. கலயத்தை நெஞ்சோடு அணைத்தபடி தண்ணீரில் இறங்கத் தயங்கினான். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த அந்தோணி முன்னால் இறங்கி, "கையக் குடு மச்சான். அலை வருது, கால நல்லா ஊனிக்கோ" என்றான். அலை எழும்பியதும் அண்ணன், "வுட்றாத மாப்ள!" என்று கத்தினான். மாப்பிள்ளை என்று அவனை அழைத்தது அதுதான் முதல் தடவை. கரையில் அண்ணியும் நானும் அழுதுகொண்டே சிரித்தோம்.

நீ என்னை மறந்துபோனதைச் சொல்லி உறவுக்காரர்கள் இன்னும் வருத்தப்படுகிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை, நைனா. பெற்ற பெண்ணை எந்த அப்பனுக்கும் பிடிக்கும். உனக்கோ, யாரென்றே தெரியாத ஒருத்தியைத் தினமும் புதிதாகப் பார்த்து, தினமும் பிடித்துப்போனது. அதை வைத்துக்கொண்டுதான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

உன் பொண்ணு,
சுமதி